அழுத்திச் சொன்ன ஒரு சொல்

நான் வேலையை விட்டு வந்த மாதத்திலேயே எங்கள் சர்ச் சபையின் சாப்பாட்டு வரிசையில் ஒரு பெண் என்னை மடக்கிவிட்டாள். இங்கே அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரில் பிறந்து வளர்ந்தவள், சட்டம் படிக்கப் போகிறாள். “ஆண்ட்டி, இஸ் இட் ட்ரூ? யூ காட் ரிப்ளேஸ்ட் பை எ டேப் ரெக்கார்டர்?” என்றாள். அவளுடைய அம்மா அவள் கையைக் கிள்ளி, “பெரியவங்ககிட்ட இப்படியா கேப்பாங்க?” என்று அதட்டினாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “ஆமாட்டி, ஒரு பொட்டிதான் என் சீட்டப் பிடிச்சிட்டு” என்றேன். அவள் விடவில்லை. “ஆர் யூ மேட் அட் இட்?” என்றாள்.

கையில் பிரியாணித் தட்டை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்துதான் சொல்ல முடியும். இப்போது சொல்கிறேன்.

நான் கோர்ட் ரிப்போர்ட்டராக இருந்தேன். பத்திரிகை நிருபர் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே நியூ ஜெர்சியில் ஒரு கவுன்டி, அதாவது ஜில்லா நீதிமன்றத்தில், நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, யார் எது பேசினாலும் பேசினது பேசினபடி பதிவு செய்கிற வேலை. அதற்கென்று ஒரு சின்ன மெஷின் உண்டு. டைப்ரைட்டர் மாதிரி எழுத்துக்கு ஒரு கட்டை கிடையாது. ஆர்மோனியம்போல நாலைந்து கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓர் ஒலி காகிதத்தில் விழும். பிறகு அதை வாசித்து முழு இங்கிலீஷாக டைப் செய்து, இது உண்மையான பதிவு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வழக்கு மேல்கோர்ட்டுக்குப் போனால் அங்கே இருக்கிற நீதிபதிகள் சாட்சியின் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, குரலையும் கேட்கப்போவதில்லை. நாங்கள் கொடுக்கிற காகிதம்தான் அவர்களுக்குச் சாட்சி.

இந்த வேலைக்கு நான் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஷார்ட்ஹேண்ட் ஹையர் பாஸ் பண்ணினேன். சென்னையில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் நான் “வருதேன்”, “சொல்லுதேன்” என்று பேசுவதைக் கேட்டு ரூம் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆறே மாதத்தில் வாயைத் திருத்திக்கொண்டேன். ஆபீசிலும் எனக்குத் திருத்துகிற வேலைதான். மேனேஜர் தப்பும் தவறுமாக டிக்டேஷன் கொடுப்பார், நான் இலக்கணத்தைச் சரிசெய்து டைப் அடித்துக் கொடுப்பேன். “ரூபி கை பட்டா என் இங்கிலீஷ் கோட்டு சூட்டு போட்டுக்குது” என்பார். அதற்காகவே எனக்கு இன்க்ரிமென்ட் கிடைத்தது. பிறகு சாமுவேலைக் கட்டிக்கொண்டேன், அவருக்கு இங்கே மருந்துக் கம்பெனி லேபில் வேலை, கூடவே வந்தேன். மகனை டேகேரில் விட்டுவிட்டு மெஷின் பழகினேன், பரீட்சை எழுதினேன், ஒருமுறை கோட்டைவிட்டு மறுமுறை தேறினேன். அவ்வளவுதான்.

எங்கள் பிரிவுக்குத் தலைவி மிஸ் ஹேல். ஒல்லியான வெள்ளைக்காரி, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் டைப் செய்த பக்கங்களை அவள் வாங்கி, தானும் அதே அறையில் உட்கார்ந்து எடுத்த குறிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். தப்பு இருக்கிற வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். என்ன தப்பு என்று எழுத மாட்டாள், சொல்லவும் மாட்டாள். நாமேதான் அந்த வரியை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டுபோனால் புள்ளியை ரப்பரால் அழிப்பாள். அழித்த தூளைக் கையால் தள்ளாமல் வாயால் மெல்ல ஊதுவாள். அந்த ஒரு ஊதலுக்காக நாங்கள் எல்லோரும் செத்துப் பிழைத்தோம்.

என் பக்கங்களில் டாக்டர் பேசுகிற இடம், போலீஸ்காரர் பேசுகிற இடம் எல்லாம் சுத்தமாக இருக்கும். கறுப்பின மக்கள் சாட்சி சொல்கிற இடத்தில் மட்டும் ஓரமெல்லாம் புள்ளி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை. மூன்றாவது முறையும் அப்படியே வந்தபோது பொறுக்க முடியாமல் அவள் அறைக்கே போய் நின்றுவிட்டேன்.

“இதில் என்ன தப்பு மிஸ் ஹேல்?”

“தப்பே இல்லை. அதுதான் தப்பு” என்றாள். “நீ அவங்களைத் திருத்தற ரூபி. அவங்க பேசினது இது இல்லை.”

“அவங்க என்ன சொல்ல வந்தாங்களோ, அதைத்தானே எழுதியிருக்கேன்?”

“என்ன சொல்ல வந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

உண்மையில் பாதி எனக்குத் தெரியாது. பேச்சு புரியாத இடத்தில் எல்லாம் பழக்க தோஷத்தில் கை தானாகக் கோட்டு சூட்டு மாட்டிவிட்டிருந்தது.

அந்தக் காலத்தில் கல்லூரியில் மாலை வகுப்பு சேர்ந்தால் கவுன்டியே ஃபீஸ் கொடுத்துவிடும். மொழியியல் வகுப்பு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். எல்லாம் பகலில். என் நேரத்துக்குப் பொருந்தியது ஒன்றே ஒன்றுதான், ஆப்பிரிக்க-அமெரிக்க நாடகமும் நாடகம் எழுதுதலும் என்ற செமினார். நாடகம் என்றால் பேச்சுதானே, பேச்சுதானே எனக்கு வேண்டும் என்று சேர்ந்துவிட்டேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

சாமுவேல் சிரித்தார். “ஏ ரூபி, உனக்கு எதுக்கு நாடகம்? நம்ம வீட்டுலதான் தெனமும் நடக்குல்லா!” என்றார். அதோடு விட்டாரா? கறுப்பின மக்கள் நிறைய இருக்கிற ஊரில்தான் கல்லூரி என்று கேட்டதும் முகம் மாறியது. “அங்கயா? சாயங்காலத்துலயா? கார லாக் பண்ணிட்டு உள்ளயே இரு, கூட்டம் சேந்தப் பொறவு எறங்கு” என்றார். சபையில் ஒரு ஆண்ட்டி இன்னும் ஒரு படி மேலே போய், “அவங்ககிட்ட போய் என்ன இங்கிலீஷ் கத்துக்கப் போறீங்க?” என்று கேட்டாள். நம் ஆட்களின் லட்சணம் இது. நானும் அப்போது அதைக் கேட்டுச் சும்மாதான் இருந்தேன்.

வகுப்பில் பெஞ்சு கிடையாது, ஒரே ஒரு நீள மேஜை. அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். பேராசிரியர் மெர்சர் என்னைவிடச் சின்னவர், கறுப்பினத்தவர், எப்போதும் ஏதோ ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போல அவசரத்தில் இருப்பார். வாரம் ஒரு நாடகம். மனசுக்குள் படித்துவிட்டு வந்து அபிப்பிராயம் சொல்லுகிற ஜோலியே கிடையாது. மேஜையைச் சுற்றி ஆளுக்கு ஒரு வரியாக வாய்விட்டு வாசிக்க வேண்டும். நடிக்கக் கூடாது. ஆனால் அந்த ஆள் சொல்கிற மாதிரி சொல்ல வேண்டும். அழுத்தம் தப்பான இடத்தில் விழுந்தால் மோதிரம் போட்ட விரலால் மேஜையில் ஒரு தட்டு. “மறுபடி.” அதற்கும் விளக்கம் கிடையாது. மிஸ் ஹேலுக்குப் பென்சில், இவருக்கு மோதிரம்! என் தலையெழுத்து எங்கே போனாலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலி வெர்னெலுக்கு. ஐம்பது வயதுக்கு மேல், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், கறுப்பினப் பெண்மணி, அவள் சிரித்தால் மேஜை ஆடும். ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். வெர்னெல் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் என் கைக்கு எங்கள் பாளையங்கோட்டைப் பேச்சுதான் வருகிறது. மற்ற எந்தத் தமிழில் எழுதினாலும் அது வெர்னெலாகவே இல்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் மகளைப் பற்றிக் கேட்டேன், கல்யாணம் ஆகிவிட்டதா என்று. “ஷீ பீன் மேரீட்” என்றாள். பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணப்படி எனக்கு விளங்கியது, கல்யாணம் ஆகி இருந்தது, இப்போது இல்லை. பாவம், டைவர்ஸ் போலிருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு, “ஐ ஆம் சோ சாரி” என்றேன்.

“எதுக்கு சாரி?”

“கல்யாணம்... முறிஞ்சுபோச்சு இல்லையா?”

வெர்னெல் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு பொத்த முடியாமல் சிரித்தாள். “அட பாவி மனுசி! அவ எப்பவே கட்டிக்கிட்டா, மூணு பிள்ளையளோட நல்லாத்தாம் இருக்கா. எம் மருமவன்கிட்ட போயி இதச் சொல்லிராத!” பிறகு அந்தச் சொல்லை எனக்காக மறுபடி சொல்லிக் காட்டினாள். லேசாகச் சொன்னால் ஒன்று, அழுத்திச் சொன்னால் வேறு. பீன் என்பதை உச்சியில் தூக்கி அழுத்திச் சொன்னால், எப்பவோ நடந்துவிட்டது, இன்னமும் அப்படியேதான் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊரில் “எப்பவே!” என்று வேயை இழுத்துச் சொல்வோமே, சாட்சாத் அதுதான்.

அன்றைக்குக் காரில் வரும்போது வழியெல்லாம் எனக்குள் ஒரே ஆச்சரியம். வெர்னெல் கூடவே இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்திருந்தாள். ‘ஹீ பீ ஒர்க்கிங்’ என்று சாட்சிகள் சொல்லும்போதெல்லாம் ‘ஹீ ஈஸ் ஒர்க்கிங்’ என்று திருத்தி வைத்திருந்தேனே! அது இப்போது வேலை செய்கிறான் என்பதில்லை. வேலைக்குப் போவான், வழக்கமாகப் போகிறவன் என்பது. தமிழில் “அவன் காலையில காப்பி குடிப்பான்” என்கிறோம், நாளைக்கா குடிக்கப் போகிறான்? தினமும் குடிக்கிறவன். நான் தமிழைக் கொண்டே இதைப் புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் கோர்ட்டுக்குள் நுழையும்போதே தமிழைக் காரில் பூட்டிவைத்துவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

எழுத்துப் பயிற்சியில் நன்றாக மாட்டிக்கொண்டேன். ஒரு காட்சி எழுதி வரச் சொன்னார் பேராசிரியர். என் சென்னை ஹாஸ்டலையே எழுதினேன், இரண்டு பெண்கள், ஒருத்தி ஊருக்குக் கிளம்புகிறாள். இங்கிலீஷில் பேச்சு. வாசித்து முடித்தேன். மோதிரம் தட்டவில்லை, அது இன்னும் மோசம்.

“இந்த உலகத்தில் யாராவது இப்படிப் பேசுவாங்களா?” என்று கேட்டார்.

“பேச மாட்டாங்க.”

“அந்த முதல் வரி உங்க மொழியில எப்படி இருக்கும்? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

கூச்சமாக இருந்தது. “எப்பம்ட்டி வருவ?” என்றேன். பதினைந்து வருஷம் கழித்து அந்தச் சொல் என் வாயில் வருகிறது. வெர்னெல் கை தட்டினாள். அதையே அப்படியே எழுதக் கூடாதா என்று கேட்டார் பேராசிரியர். எங்கள் மொழியில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று, பேசுகிறபடி பரீட்சையில் எழுதினால் மார்க் போய்விடும் என்றேன். அவர், “அப்போ உங்க ஊர்ல எல்லாரும் பிறக்கும்போதே பேச்சை வேற எழுத்தா மாத்தற உங்க கோர்ட் வேலையைத்தான் செய்யறீங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே சுருக்கென்றும் இருந்தது.

அதன் பிறகு என் பக்கங்களில் புள்ளிகள் குறைந்தன. ஒருநாள் முழுப் பக்கத்திலும் ஒன்றுகூட இல்லை. மிஸ் ஹேல் காகிதத்தைத் திருப்பி நீட்டும்போது, “நல்லாக் கேக்கற இப்போ” என்றாள். அந்தச் சந்தோஷத்தில் போகிற வழியில் சாமுவேலுக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக்கொண்டு போனேன். அந்தச் சந்தோஷத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

செமினார் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தபோது டேரலின் வழக்கு எங்கள் அறைக்கு வந்தது. டேரல் பத்தொன்பது வயதுப் பையன், கறுப்பினத்தவன். ஒரு பெட்ரோல் பங்கில் பணத்தைப் பிடுங்கி, அங்கே வேலை செய்தவரைத் தலையில் அடித்துப் போட்டுவிட்டுப் போன குற்றம். அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார், இவன்தான் என்று கைகாட்டினார். வேறு சாட்சி கிடையாது, கைரேகை கிடையாது. டேரல் பக்கம் இருந்தது ஒரே ஒரு ஆள், அவனை வளர்த்த அத்தை ஐரீன். நர்சிங் ஹோமில் துணி துவைக்கிற வேலை. சர்ச்சுக்குப் போடுகிற நீலத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து கூண்டில் உட்கார்ந்தாள்.

சம்பவம் நடந்து சற்று நேரத்தில் அவள் தெரு வழியாக ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போயிருக்கிறது. அரசு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார்.

“ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதானே உங்கள் மருமகன் வீட்டுக்கு வந்தான்?”

ஐரீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம். “ஹீ பீன் ஹோம்” என்றாள். பீன் உச்சியில் போய் நின்றது. எனக்குக் கேட்டது இதுதான்: அவம் எப்பவே வீட்டுலதான கெடக்கான்!

அரசு வக்கீலுக்குக் கேட்டது வேறு. “அப்படியானால் அதற்கு முன்னால் ஒரு நேரத்தில் வீட்டில் இருந்திருக்கிறான்” என்றார்.

“ஐ செட் ஹீ பீன் ஹோம்.”

“நன்றி. வேறு கேள்வி இல்லை.”

டேரலுக்கு சர்க்கார் கொடுத்த வக்கீல் எழுந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அம்மா, நீங்கள் சொன்னதற்கு என்ன அர்த்தம்? அவ்வளவுதான். அவருக்கும் அது விளங்கவில்லை, விளங்கவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. எழுந்திருக்கவே இல்லை. நான் ரிப்போர்ட்டர், வாய் திறக்கக் கூடாது. கட்டைகளை அழுத்தினேன், காகிதத்தில் விழுந்தது. வாதத்தின் முடிவில் அரசு வக்கீல் ஜூரியிடம், “சொந்த அத்தையே, அவன் வீட்டில் இருந்துவிட்டுப் போனான் என்றுதான் சொல்கிறார்” என்று முடித்தார்.

ஜூரி உள்ளே போனார்கள். மத்தியானத்துக்கு மேல் அவர்களிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. அத்தை சொன்னது அவன் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தான் என்றா, முன்னால் எப்போதோ இருந்தான் என்றா? நீதிபதி அர்த்தம் சொல்ல முடியாது, பதிவை வாசித்துக் காட்டத்தான் முடியும் என்றார். வாசிக்க வேண்டியது நான்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. சபையில் அறிவிப்பு வாசிக்கிற குரலில் வாசிக்க வேண்டும். கேள்வி, பதில், அவ்வளவுதான். ஏற்றம் கூடாது, இறக்கம் கூடாது, அழுகை இருந்தாலும் கோபம் இருந்தாலும் நம் குரலில் வரக் கூடாது. ரிப்போர்ட்டர் யார் பக்கமும் சாயக் கூடாது என்பதற்காக வைத்த நியாயமான விதி அது. மிஸ் ஹேல் எனக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்ததே அதுதான்.

மடித்த காகிதத்தை விரித்து அந்த இடத்தைத் தேடுகிற நேரத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, சபை அறிவிப்புக் குரலில் இதை வாசித்தால் அது ஐரீன் சொன்னது ஆகாது. எழுத்து எல்லாம் அதேதான், பேச்சு வேறு. கேள்வியை வாசித்தேன். பிறகு “ஹீ பீன் ஹோம்” என்று அவள் சொன்னபடியே, உச்சியில் அழுத்தி வாசித்தேன். தெரிந்தேதான் செய்தேன். பின்வரிசையில் ஒரு ஜூரி அம்மாள் சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

அரசு வக்கீல் குதித்து எழுந்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “மேடம், இது நாடக மேடை இல்லை” என்றார்.

“சாட்சி அப்படித்தான் சொன்னார், யுவர் ஆனர்.”

“காகிதத்தில் அப்படி இருக்கிறதா?”

காகிதத்தைப் பார்த்தேன். ஒலி இருந்தது. அழுத்தம் இல்லை. “இல்லை, யுவர் ஆனர்.”

“காகிதத்தில் இருப்பதை வாசியுங்கள்.” ஜூரியைப் பார்த்து, முதலில் கேட்டதை மறந்துவிடுங்கள் என்றார்.

மாட்டேன் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்னை வெளியே அனுப்பிவிட்டு அடுத்த அறையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டிருப்பார்கள். அவருக்கு அந்தச் சொல் எப்படி விழுந்தது என்றே தெரிந்திருக்காது. ஆகவே நானே வாசித்தேன். ஹீ பீன் ஹோம். மூன்று சொல்லும் ஒரே உயரம். பின்வரிசை அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஐரீன் பார்வையாளர் பெஞ்சில் இருந்தாள். அவள் வாயில் வந்த பேச்சை அவள் எதிரிலேயே என் வாயால் கொன்றேன் என்றுதான் எனக்குத் தோன்றியது, இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அன்றைக்கே தீர்ப்பு வந்துவிட்டது. குற்றவாளி.

லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஐரீன் வந்து பக்கத்தில் நின்றாள். நாங்கள் சாட்சிகளோடு பேசக் கூடாது. அவள் என்னைப் பார்க்காமல் லிஃப்டுக் கதவையே பார்த்துக்கொண்டு கேட்டாள். “நாஞ் சொன்னத நீ எழுதினியாம்மா?”

“எழுதினேன்.”

“அப்படியே எழுதினியா?”

“ஒரு எழுத்து விடாம.”

“பொறவு ஏன்?” என்றாள். லிஃப்ட் வந்தது, அவள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. கதவு திறந்து மூடிக்கொண்டு போய்விட்டது.

வழக்கு மேல்கோர்ட்டுக்குப் போனது. பதிவை டைப் செய்ய வேண்டியது நான். அந்த ஒரு சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட அனுமதி வேண்டும் என்று மிஸ் ஹேலிடம் போய் நின்றேன். நான் கோர்ட்டில் செய்ததெல்லாம் அவள் காதுக்குப் போயிருந்தது. திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“கோடு போட்டா அது சாட்சி சொன்னது இல்லை ரூபி. நீ சொன்னது ஆயிடும்.”

“ஆனா அவங்க அழுத்தித்தான் சொன்னாங்க. நான் கேட்டேன்.”

“நீ சரியாத்தான் கேட்டிருப்ப.” கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். “அதுக்கு நம்ம மெஷின்ல கீ இல்லை.”

நான் கொடுத்த பக்கங்களில் அவள் புள்ளி வைக்க ஒன்றுமில்லை. மேல்கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் அதை வாசித்துவிட்டு, அத்தையின் சாட்சியம் தெளிவாக இல்லை என்று தள்ளிவிட்டார்கள். என்னைக் கிரிமினல் வழக்குகளிலிருந்து எடுத்து, வீட்டு வரித் தகராறு நடக்கிற அறைக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

செமினாரின் கடைசி வகுப்பில் ஆளுக்கு ஒரு காட்சி வாசிக்க வேண்டும். வழக்கைப் பற்றி நான் வெளியே பேசக் கூடாது, பேசவும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒரு பெண் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். வாசலில் போலீஸ். இப்போதுதானே அவன் வீட்டுக்கு வந்தான் என்று கேட்கிறார்கள். அவள் ஒரே ஒரு வரி சொல்கிறாள். நான் அடிக்கோடு போடவில்லை, சாய்வெழுத்து போடவில்லை, வெறுமனே டைப் செய்திருந்தேன்.

பேராசிரியர் அதைப் பார்த்தார். ஏதோ புரிந்திருக்க வேண்டும். அவசரக்காரர் அன்றைக்கு அவசரப்படவில்லை. மேஜையைச் சுற்றி எல்லோரும் அந்த ஒரு வரியை வாசியுங்கள் என்றார். வெர்னெல் தொடங்கினாள். பீன் உச்சியில் போய் நின்றது. அடுத்தவள். அதற்கு அடுத்தவன். ஒருவர் பாக்கியில்லாமல் அதே இடத்தில், அதே அழுத்தம். முதல் வகுப்பில் என்னைப் போலவே திருதிருவென்று விழித்த ஒரு வெள்ளைக்காரப் பையன் இருந்தான், அவனும் சரியாகச் சொன்னான். மோதிரம் ஒருமுறைகூட மேஜையில் படவில்லை.

“இதில் கஷ்டமே இல்லையே” என்றான் அந்தப் பையன்.

நான் அழுதுவிட்டேன். ஒரு பருவம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும் என்பதை நினைத்து அழுதேன். வெர்னெல் பஸ் ஓட்டுகிற அந்தத் தடித்த கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே, “இருக்கட்டும்ளா, அழு” என்றாள். எனக்கு ஏ கிரேடு வந்தது. அந்தக் காகிதத்தை சாமுவேல் ஃப்ரிஜ் மேல் ஒட்டிவைத்தார், நான் எடுத்துவிட்டேன்.

டேரல் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். ஐரீன் காலமானதைச் செய்தித்தாளில் பார்த்தேன். கடைசி வரியில் உறவினர்களில் ஒருவனாக அவன் பெயரும் இருந்தது.

பிறகு சில வருஷத்தில் கோர்ட் அறைகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிப்பதிவுப் பெட்டிகளை வைத்தார்கள். என் கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கொதித்தார்கள். பெட்டிக்கு என்ன தெரியும், இருமலுக்கும் பேச்சுக்கும் வித்தியாசம் தெரியுமா என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் கோபம் வரவில்லை. என் அறைக்குப் பெட்டி வந்த அன்று காலியான கோர்ட்டில் நானும் அதைப் பொருத்த வந்த இளைஞனும் மட்டும்தான். ஒயரெல்லாம் இழுத்து முடித்துவிட்டு, “மேடம், அந்த சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து ஏதாவது பேசுங்க, டெஸ்ட் பண்ணணும்” என்றான்.

இத்தனை வருஷத்தில் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. போய் உட்கார்ந்தேன். மைக்கைப் பார்த்துச் சொன்னேன், “ஹீ பீன் ஹோம்.” ஐரீன் சொன்னபடியே.

அவன் பட்டனைத் தட்டினான். ஆளில்லாத கோர்ட்டில் என் குரல் திரும்பி வந்தது. பீன் உச்சியில் போய் நின்றது. ஏற்றம், இறக்கம், கோபம் எல்லாம் இருந்தது. அவன் இன்னொரு தடவை போட்டான். மறுபடியும் அப்படியே இருந்தது.

“பர்ஃபெக்ட், மேடம்” என்றான். “எல்லாம் தெளிவாக் கேக்குது.”